அலமாரிக்கு எதற்குப் போர்வை?

கதிருக்கு,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து நீ போனில் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். "அம்மா, அவங்க வந்துட்டுப் போனாங்களே, என்ன சொன்னாங்க?" நானும் "எல்லாம் ஆச்சு, எல்லாம் ஆச்சு" என்று வைத்துவிடுகிறேன். போனில் சொன்னால் நீ இரண்டாவது வாக்கியத்திலேயே "ஐயோ அம்மா" என்று குறுக்கே விழுவாய். நான் கத்துவேன். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன். காபியோ டீயோ எதையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து முழுதாகப் படி. பாதியில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

பவித்ரா வீட்டார் பூந்தமல்லியிலிருந்து நம் வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் நீ ஹைதராபாத்திலிருந்து என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? நிச்சயத்துக்கு முன்னால் பெண் வீட்டுப் பெரியவர்கள் மாப்பிள்ளை வீட்டை ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவது எங்கும் உள்ள வழக்கம். அதற்கு வீட்டைப் பெருக்கித் துடைப்பார்கள், கேசரி கிளறுவார்கள். நீ கேசரியைப் பற்றிக் கேட்கவில்லை. "ஹால்ல இருக்கிற போர்டு கேம் பெட்டிய எல்லாம் லாஃப்ட்ல ஏத்திடும்மா. முடியலன்னா ஒரு பெட்ஷீட் போட்டு மூடிடு. அவங்க கண்ணுல படவே கூடாது" என்றாய். ஏன்டா என்று கேட்டேன். "அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டாய். அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை. அது என்னவென்று வேறொருவர் வாயால், நம் வீட்டு ஹாலில், நான் வடைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது கேட்க வேண்டியதாகிவிட்டது.

அந்த அலமாரியை மூட எனக்கு மனசே வரவில்லை. அது உன் அலமாரி என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. சேக்காட்டில் வாடகைக்கு இருந்தபோது நீ முதல் பெட்டியை வாங்கி வந்தாய். அம்பத்தூர் ஆபீசில் சேர்ந்த புதுசு. மதியச் சாப்பாட்டு மேஜையில் யாரோ சொல்லிக் கொடுத்தார்கள் என்று கண்கள் பளபளக்க வந்து நின்றாய். "ஏண்டா, பல்லாங்குழி வயசா உனக்கு?" என்று நான் கேட்டேன். திருமுல்லைவாயிலில் இந்த ஃபிளாட்டுக்கு வந்தபோது வீட்டில் சோபாவே இல்லை, ஆனால் அந்தப் பெட்டிகளுக்கு அலமாரி வந்துவிட்டது. நான் முணுமுணுத்தபடியே தூசி தட்டினேன். பிறகு நீ ஹைதராபாத்துக்குப் போனாய். பெட்டிகள் இங்கேயே இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா தூங்க, டிவியில் ஒன்றும் இல்லாமல், ஒரு பெட்டியைத் திறந்தேன். அன்றைக்கு ஆரம்பித்தது. இப்போது நம் வீட்டில் ஞாயிறு நாலு மணிக்கு டேபிள் போட்டு ஆடவில்லை என்றால் ஷேர் ஆட்டோ ஓட்டும் செல்வத்துக்கும் கீழ்வீட்டு டீச்சருக்கும் அந்த வாரம் வாரமாகவே இருக்காது. எனக்கும்தான்.

வெளியாட்களிடம் இதைப் புரியவைப்பதுதான் பெரிய பாடு. நீ பட்ட பாடு எனக்கு இப்போதுதான் தெரிகிறது. டீச்சர் முதலில் கேட்டபோது "கேரம் மாதிரிங்க" என்றேன். "அப்படியா, ஸ்ட்ரைக்கர் எங்க?" என்று தேட ஆரம்பித்துவிட்டாள். ஒரு கல்யாணத்தில் அப்பாவின் சித்தப்பா மகன் கேட்டார். "செஸ் மாதிரி" என்றேன். "ஓ, பையன் எத்தனை மெடல் வாங்கியிருக்கான்?" என்றார். மெடல் எல்லாம் இல்லை, சும்மா ஆடுவான் என்றதும் அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை உன்னிடம் சொல்லவே இல்லை. உன் பெரியம்மாவிடம் போய், அவளுக்குப் புரியட்டும் என்று "தாயம் மாதிரிதான்க்கா, கொஞ்சம் பெரிசு" என்றேன். தொலைந்தேன்! "குடும்பம் நடக்கிற வீட்டுல தாயக்கட்டை உருட்டுவியாடி, விளங்குமா?" என்று ஒரு மணி நேரம் பாட்டு. எதைப் போல என்று சொன்னாலும் கேட்பவர்கள் அந்த எதையோ பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள், நம் பெட்டி அங்கேயே கிடக்கிறது.

அப்பாவின் முறை இன்னும் மோசம். செல்வம் முதன்முதலாக வந்த அன்று அப்பா விதிப் புத்தகத்தை எடுத்து, தொழிற்சாலையில் பாதுகாப்புச் சுற்றறிக்கை வாசிப்பாரே, அந்தக் குரலில், முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். செல்வம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான், கேட்டான், அப்புறம் கண் சொருகிவிட்டது. எழுப்பினால், "யண்ணே, லைசென்ஸ் எடுக்கச் சொல்லோ கூட இவ்ளோ படிக்கலண்ணே. ஆடிகினே கத்துக்கலாமே" என்றான். நீ எனக்குக் கற்றுக்கொடுத்த விதம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நீ எதையும் விளக்கவில்லை. ஒரு மரச் சாவியை என் கையில் வைத்து, "அம்மா, ஏரி ரொம்பிகிட்டே இருக்கு, மதகுச் சாவி உன் கையில. இப்ப என்ன பண்ணுவ?" என்று கேட்டாய். அவ்வளவுதான். நான் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஏரி ஆட்டம் நீ செய்தது. நம் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றதே, அந்த மழைக்கு அடுத்த வருஷம் நீயும் உன் ஆபீஸ் சிநேகிதனும் அட்டை வெட்டி, வண்ணம் அடித்து, சீட்டுகளுக்கு உறை போட்டுச் செய்தீர்கள். நடுவில் ஏரி, சுற்றிக் கரை, கரைக்குக் கீழே நாலு தெரு. ஒருவர் கையில் மதகுச் சாவி, ஒருவரிடம் மணல் மூட்டை, ஒருவரிடம் படகு, ஒருவர் தெருத்தெருவாகப் போய்ச் சனங்களை எழுப்பிவிடுகிறவர். ஆளுக்கொரு மழைச் சீட்டைப் புரட்டப் புரட்ட தண்ணீர் ஏறும். எல்லோரும் பேசி முடிவெடுக்க வேண்டும். சீட்டு தீரும்வரை கரை நின்றால் எல்லோருக்கும் ஜெயம். உடைந்தால் எல்லோருக்கும் தோல்வி. ஒருவரை ஒருவர் வீழ்த்துகிற பேச்சே இல்லை. கடையில் விற்கிற பெட்டிகளுக்கு நடுவில் உன் கையெழுத்தில் "ஏரி" என்று எழுதிய அந்த அட்டைப் பெட்டியும் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் நீ மூடச் சொன்னாய்.

மூடினேன். நீலப்பூப் போட்ட போர்வையை அலமாரி முழுக்கத் தொங்கவிட்டு, துணி மாட்டும் கிளிப்பை வரிசையாகப் போட்டேன். அப்பா பார்த்துவிட்டு, "என்ன இது, டெட்பாடியை மறைச்ச மாதிரி இருக்கு" என்றார். உங்கள் பிள்ளை சொன்னது என்றேன். செல்வத்துக்கு இன்றைக்கு டேபிள் இல்லை என்று சொல்லி வைத்திருக்க வேண்டும். வடைக்கு ஊறப்போட்ட உளுந்து ஞாபகத்தில் இது மறந்தே போயிற்று.

அவர்கள் மூன்று பேர் வந்தார்கள். பவித்ராவின் அப்பா, அம்மா, சித்தப்பா முரளி. அவளுடைய அப்பா ஹார்டுவேர் கடைக்காரர் அல்லவா, வந்ததும் வராததுமாகப் பாத்ரூம் குழாயைத் திறந்து பார்த்து, "பிரஷர் நல்லா இருக்கே" என்று சந்தோஷப்பட்டார். ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்த்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவளுடைய அம்மா சமையலறைக்கே வந்து கேசரி பக்குவம் கேட்டார். சித்தப்பா மட்டும் வாசல் பக்கத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தார். உன்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர் இருக்கும். இன்னொரு வடை வைக்கப் போனேன். "போதும்மா, அவனுக்கு வேணாம்" என்று அண்ணன் பதில் சொன்னார். காபிக்குச் சர்க்கரை போதுமா என்று தம்பியைக் கேட்டால் அதற்கும் அண்ணன்தான், "அவன் அப்படியே குடிப்பான்" என்றார். அந்த மனிதர் வாய் திறக்கவே இல்லை. எனக்கு என்னவோ போலிருந்தது, ஆனால் அடுத்தவர் வீட்டு விஷயம் என்று விட்டுவிட்டேன்.

பவித்ராவின் அம்மா சுவரைப் பார்த்து, "பெயின்ட் வேலை நடக்குதா அண்ணி?" என்று கேட்டார். நான் "ஆமா" என்றேன், அதே சமயம் அப்பா "இல்ல" என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஃபேன் காற்றில் போர்வையின் ஒரு மூலை கிளிப்பை விட்டு மேலே எழுந்தது. அந்த மூலையில் எந்தப் பெட்டி இருக்க வேண்டும்? கடற்கொள்ளைக்காரன் கப்பல் பெட்டி! மூடி முழுக்கத் தங்கக் காசுக் குவியல். பவித்ராவின் அப்பா கண் அங்கேயே நின்றது. "அது என்ன சார்?" என்றார். உங்கப்பா இந்த வயதில் முதல்முறையாகப் பொய் சொல்ல ஆரம்பித்து, "பழைய சாமான் சார், ஒண்ணுமில்ல, வெறும் பழைய சாமான்" என்று மூன்று தடவை சொன்னார். ஒரு தடவை சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பார்கள்.

சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில் செல்வம். "யக்கா! இன்னா, டேபிளே போடாம கீற? போன வாரம் மொத்தமும் முழுகிப் பூட்ச்சு. இன்னிக்கு உட்டத புடிக்காம நான் ஊட்டுக்கே போ மாட்டேன், ஆமா!" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினான். உள்ளே மூன்று புது முகங்களைப் பார்த்ததும் ஒற்றைச் செருப்போடு நின்றுவிட்டான். மூழ்கியது நம் அட்டை ஊர் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மூடின அலமாரி, தங்கக் காசு, விட்டதைப் பிடிக்க வந்த ஆட்டோக்காரன். நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் எழுந்திருப்பேன்.

பவித்ராவின் அப்பா எழுந்துவிட்டார். முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா இது? இங்க வச்சு ஆட வைக்கிறீங்களா? மூடி மூடி வச்சிருக்கீங்க? இதோ நிக்கிறானே என் தம்பி, இவன் போன்ல ரம்மி ஆடி ஆடி எல்லாத்தையும் விட்டவன். பொண்டாட்டி பொறந்த வீட்டுக்குப் போனவதான், வரல. இவன் கையில நாங்க இன்னிக்கும் போன் குடுக்கிறதில்ல. உங்க பையனுக்கு இது தெரியும். பவித்ரா சொல்லியிருக்கா. தெரிஞ்சும் நீங்க இப்படின்னா..." என்று பேச்சு பாதியில் நின்றது. அந்தத் தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணே, நான் கீழ போய் நிக்கிறேன்" என்று எழுந்தார். அவர் குரலையே அப்போதுதான் கேட்டேன்.

கதிர், அந்த நிமிஷம் எனக்கு உன்மேல் வந்த கோபத்தை இங்கே எழுதினால் காகிதம் தாங்காது. பவித்ரா எவ்வளவு நம்பி உன்னிடம் அதைச் சொல்லியிருப்பாள்! நீ அதைக் கேட்டுவிட்டு அலமாரிக்குப் போர்வை போடச் சொல்கிறாய். அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நல்ல எண்ணத்தில் செய்தேன் என்பாய். நல்ல எண்ணம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வந்தவுடனேயே நான் பெட்டியைக் காட்டிப் பேசியிருப்பேன். மூடியதால்தான் அது சூதாட்டம் போலத் தெரிந்தது. மூடியதால்தான் ஒரு மனிதன் வேற்று வீட்டு ஹாலில் தலைகுனிந்து நிற்கும்படி ஆயிற்று. இன்னும் கொஞ்சம் விட்டால் அவர் அழுதேவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது.

"யாரும் எங்கயும் போக வேணாம்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, பவித்ராவின் அம்மா திடுக்கிட்டார். போர்வையைப் பிடித்து ஒரே இழுப்பு. கிளிப்பெல்லாம் நாலு பக்கமும் தெறித்தது, ஒன்று கேசரித் தட்டிலேயே விழுந்தது. "என் பையன்தான் மூடச் சொன்னான். நானும் யோசிக்காம மூடினேன். நல்லா பாருங்கண்ணே, இதுதான் அவன் விளையாட்டுச் சாமான். இதுல பாதி எங்க ஞாயித்துக்கிழமைச் சாமான்" என்றேன். ஆமாம், உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை.

செல்வம் பாவம், தன்னால்தான் இதெல்லாம் என்று பதறிப் போனான். "சார், துட்டு மேட்டரே இங்க கெடையாது சார். ஒரு டீக்குக் கூட பந்தயம் வச்சது இல்ல. அக்கா சுக்கு காப்பி குடுக்கும், குடிச்சிட்டு கெளம்பிகினே இருப்போம். எம்மேல சத்தியம் சார்" என்றான். பவித்ராவின் அப்பா அவன் பக்கம் திரும்பவே இல்லை. "அப்ப இது என்னதான்னு சொல்லுங்க" என்று என்னைக் கேட்டார். கேரம் மாதிரி என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். அப்பா அதற்குள் விதிப் புத்தகத்தை எடுத்துக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்துவிட்டார். அதைப் பிடுங்கி அலமாரி மேலே போட்டேன். ஏரிப் பெட்டியை எடுத்து, காபி டம்ளர்களை ஒதுக்கிவிட்டு, பலகையை விரித்தேன். மதகுச் சாவியை அவர் முன்னால் நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

எங்கள் நடுவில் சாவி அப்படியே நின்றது. நான் நீட்டிய கையை மடக்கவில்லை, அவரும் வாங்கவில்லை. அப்போது வாசல் பக்கமிருந்து முரளி தம்பி மெதுவாகக் கேட்டார்: "அக்கா, இது எப்ப முடியும்?"

எனக்கு முதலில் புரியவில்லை. "என்ன தம்பி?" என்றேன். "இல்ல... போன்ல இருக்கிறது முடியவே முடியாது. ஒண்ணு முடிஞ்சா அதுவே அடுத்தது ஆரம்பிச்சுடும். விடிஞ்சிருக்கும், தெரியாது. எதிர்ல யாரு ஆடறான்னும் தெரியாது. இது எப்ப முடியும்?" என்றார். நான் மழைச் சீட்டுக் கட்டை எடுத்து அவருக்குக் காட்டினேன். "இந்தச் சீட்டு தீர்ந்தா முடிஞ்சுது தம்பி. கரை உடைஞ்சா அதுக்கு முன்னாடியே முடிஞ்சுது. அப்புறம் பெட்டியில போட்டு மூடிடுவோம். எதிர்ல உட்கார்ந்திருக்கிறது இதோ செல்வம், இதோ இவரு, இதோ நான்" என்றேன். அவர் அந்தக் கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சுடும்னா சரி" என்றார்.

இத்தனை வருஷமாக நீயும் நானும் எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொல்லியிருப்போம்! அந்த மனிதர் ஒரே கேள்வியில் விஷயத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். உங்களையும் ஆடக் கூப்பிடலாமா தம்பி என்று கேட்டேன். "வேணாம்க்கா. நான் எந்த ஆட்டமும் தொட மாட்டேன்னு எனக்கு நானே சொல்லியிருக்கேன். பாக்கிறேன்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. நீயும் ஒருநாளும் வற்புறுத்தாதே. அவர் எழுந்து வந்து அண்ணன் உட்கார வேண்டிய நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி வந்து நின்ற பிறகு அண்ணனுக்கு வேறு வழியில்லை. உட்கார்ந்தார். சாவியை வாங்கிக்கொண்டார்.

ஆடினோம். அவருக்குச் சாவி, எனக்கு மணல் மூட்டை, பவித்ராவின் அம்மாவுக்குப் படகு, செல்வத்துக்கு ஊரை எழுப்பும் வேலை. முதல் நாலைந்து சீட்டுவரை பவித்ராவின் அப்பா வேண்டாவெறுப்பாகத்தான் இருந்தார். அப்புறம் தண்ணீர் ஏறியது. "மதகைத் தொறங்க சார், தொறங்க சார்" என்று செல்வம் கெஞ்சினான். "தொறந்தா கீழ்த் தெரு முழுகிடும்ல, ஜனம் இருக்குல்ல!" என்று அவர் அதட்டினார். "அந்தத் தெருவத்தான் நான் காலி பண்ணிகினு கீறேனே, எம்மேல நம்பிக்க வையி சார்" என்றான் செல்வம். அவளுடைய அம்மா, "அவரு என்னைக்கு யாரு சொல்லிக் கேட்டாரு?" என்று படகைத் தள்ளினார். பார், அட்டையில் செய்த ஏரிதான், அதில் மனிதர்கள் அப்படியே வெளியே வந்துவிடுகிறார்கள். அவர் எல்லோரையும் காப்பாற்றத்தான் பார்த்தார், ஆனால் யாரையும் கேட்காமல் காப்பாற்றப் பார்த்தார். மதகைக் கடைசிவரை திறக்கவில்லை. கரை உடைந்தது. நாலு தெருவும் போயிற்று.

"சே!" என்று தொடையில் அடித்துக்கொண்டார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "ரெண்டு சீட்டு முன்னாடியே தொறந்திருக்கணும். போடுங்கம்மா, இன்னொரு தடவ போடுங்க. இந்தத் தடவ விட மாட்டேன்" என்று அவரே அட்டைகளை அடுக்க ஆரம்பித்தார். செல்வத்துக்கு வாயெல்லாம் பல். நானும் சந்தோஷத்தில் சீட்டைக் கலைக்கக் கையில் எடுத்துவிட்டேன், பொய் சொல்வானேன்.

பின்னாலிருந்து முரளி தம்பி கையை நீட்டி, அண்ணன் கையிலிருந்த சாவியை மெதுவாக வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். "வேணாம்ணே. முடிஞ்சுடுச்சு" என்றார்.

அண்ணன் திரும்பித் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். எத்தனை நாளாக அவர் தம்பியை அப்படிப் பார்க்கவில்லையோ! "ஆமாடா" என்றார். "முடிஞ்சுடுச்சு." தம்பி ஒவ்வொன்றாக அட்டைகளை எடுத்துப் போட்டு, மூடியைப் பொருத்தி, ஓரத்தை விரலால் ஒருமுறை அழுத்திவிட்டு, பெட்டியை என்னிடம் கொடுத்தார். நான் அதை அலமாரியில் அதன் இடத்தில் வைத்தேன். பவித்ராவின் அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் முரளிக்கு இன்னொரு வடை வைத்தேன், அவர் சாப்பிட்டார். அண்ணன் குறுக்கே பேசவில்லை.

நீ சினிமாவில் வருவது போல எல்லாம் சுபம் என்று நினைத்துக் குதிக்காதே. படியிறங்கும்போது பவித்ராவின் அப்பா நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க காட்டினது எல்லாம் சரிம்மா. வீடும் சரி. ஆனா மூடச் சொன்னது நீங்க இல்ல. எம்பொண்ணு நாளைக்கு அவரோட தான் இருக்கப்போறா. ஏன் மூடச் சொன்னாருன்னு அவரு வாயால சொல்லட்டும். அப்புறம் நிச்சயத்துக்கு நாள் பார்ப்போம்." கோபமாகச் சொல்லவில்லை. குழாயைத் திறந்து பார்த்தாரே, அப்படித்தான் சொன்னார். உள்ளே தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும் அவருக்கு.

அப்பா, "நாமே ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லிடலாமே, பையனை எதுக்கு இழுக்கணும்" என்கிறார். முடியாது. நான் உனக்காகப் பேசப்போவதில்லை. உன் பெட்டிகளுக்காகப் பேசினேன், அது எனக்கும் சொந்தம் என்பதால். உன் போர்வைக்கு நீதான் பேச வேண்டும். கல்யாணத்துக்கு அப்புறமும் நீ இதே மாதிரி செய்வாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது கதிர், அதைத்தான் வெளிப்படையாகச் சொல்கிறேன். பவித்ராவுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று சம்பளம் குறைந்ததை மூடுவாய், உடம்புக்கு வந்ததை மூடுவாய், என்மேல் உனக்கு வருகிற கோபத்தை மூடுவாய். அவள் ஒருநாள் நடு ஹாலில் நின்று "இதுக்குள்ள என்ன?" என்று கேட்பாள். நீ உங்கப்பா மாதிரி "ஒண்ணுமில்ல" என்று மூன்று தடவை சொல்வாய். அவர்கள் வீட்டில் முரளியையும் அப்படித்தான் மூடி வைத்திருந்தார்கள், பாசத்தில்தான், வேறெதிலும் இல்லை. அதனால் அவருக்கு என்ன ஆயிற்று என்று என் கண்ணால் பார்த்தேன். உனக்கு எது பிடிக்கும், எதற்குப் பயப்படுகிறாய் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தெரிந்து அவள் சண்டை போட்டால் போடட்டும். நானும் உங்கப்பாவும் போடாத சண்டையா?

இனி அலமாரி திறந்தேதான் இருக்கும். நிச்சயத்துக்கு யார் வந்தாலும் சரி, கல்யாணத்துக்கு உன் பெரியம்மாவே வந்து தலையில் அடித்துக்கொண்டாலும் சரி. போர்வையைத் துவைத்துக் காயப்போட்டாயிற்று, அது இனி கட்டிலுக்குத்தான். ஞாயிறு நாலு மணிக்கு டேபிள் உண்டு. நீ வரும்போது உன் ஏரியில் ஒரு விஷயம் மாற்ற வேண்டும் என்று செல்வம் சொல்லச் சொன்னான், மதகுச் சாவி ஒருவர் கையிலேயே கடைசிவரை இருக்கக் கூடாதாம், கை மாறிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இப்போது நீ செய்ய வேண்டியது. பவித்ராவின் அப்பா கைப்பேசிக்குப் போடாதே. அவர்கள் கடை நம்பருக்குப் போடு. சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் கூட்டம் இருக்காது. அதை எடுப்பது முரளிதானாம், கடையில் இருக்கிற லேண்ட்லைன் மட்டும்தான் அவர் தொடுவதாம், பவித்ராவின் அம்மா சொன்னார். "யாரு?" என்பார். உடனே "அண்ணனைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிடாதே. யாரை நினைத்துப் போர்வை போடச் சொன்னாயோ அவர்தான் எதிர்முனையில் இருக்கிறார். முதலில் அவரிடம் சொல். கேரம் மாதிரி, செஸ் மாதிரி என்று ஆரம்பிக்காதே. உன் பெட்டியை மூடி வைத்தது அவர் கைதான், அவருக்கு நீ எதையும் விளக்க வேண்டியதில்லை. அவரிடம் பேசி முடித்த பிறகு, அண்ணனிடம் கொடுக்கச் சொல்லிக் கேள். கொடுப்பார்.

பேசிவிட்டு எனக்குக் கூப்பிடு. அப்போது எடுக்கிறேன்.

அம்மா